மார்புல கட்டி, கூடவே கனெக்டிவ் டிஷ்யூ டிசீஸ்: கரண்ட் (ரேடியேஷன்) வைக்கலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 56 வயசு, ஊரு பள்ளத்தூர். இடது மார்புல 2 செ.மீ. கட்டி, பயாப்சில கேன்சர்னு வந்துருச்சு. கட்டிய மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் குடுத்தா போதும், மார்ப எடுக்க வேணாம்னு மதுரையில சர்ஜன் சொல்றாக. ஆனா 9 வருஷமா எனக்கு கனெக்டிவ் டிஷ்யூ டிசீஸ்னு மாத்திரை ஓடுது, மார்கழில பச்சத்தண்ணில கை வச்சா விரலெல்லாம் வெள்ளையாப் போயி அப்பறம் நீலமாயிரும். இந்த நோய் இருந்தா கரண்ட் வைக்கவே கூடாதுன்னு எங்க அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) சொல்றாக. ஆபரேஷன் தேதி இன்னும் குறிக்கல. என்ன செய்யட்டும்?

பதில்: ஆச்சி, தேதி குறிக்கறதுக்கு முன்னாடியே கேட்டீங்க பாருங்க, அதுவே பெரிய நிம்மதி எனக்கு. ஏன்னா இந்த விஷயத்துல ஆபரேஷனுக்கு அப்பறம் யோசிச்சா பாதி வழி அடைச்சுப்போயிரும்.

கனெக்டிவ் டிஷ்யூ டிசீஸ், அதாவது உடம்போட இணைப்புத் திசுவத் தாக்குற நோய்னு பைல்ல பொதுவா எழுதிட்டா ருமடாய்டு மூட்டுவாதம், லூபஸ், ஸ்ஜோகிரன், மயோசைட்டிஸ், தோல் இறுகிப்போற ஸ்க்ளீரோடெர்மா எல்லாம் அதுக்குள்ள அடங்கிரும், ஆனா ரேடியேஷன்னு வர்றப்ப இதுல உங்களுக்கு எதுங்கிறத வச்சுத்தான் பதிலே மாறும். மூட்டுவாதம்னா பெரும்பாலும் பயமில்லாம குடுக்கலாம். லூபஸ்னா நோய் அடங்கி இருக்கான்னு பார்த்துட்டு ஜாக்கிரதையா குடுப்பாங்க, தோல்ல தீவிரமா இருந்தா தயங்குவாங்க. ஸ்க்ளீரோடெர்மாதான் நெஜமாவே யோசிக்க வைக்கிற ஆளு.

அண்ணமிண்டி சொன்னது சும்மா வந்த பேச்சு இல்ல. 1980கள்ல கனெக்டிவ் டிஷ்யூ நோய்க்காரங்களுக்கு ரேடியேஷன் குடுத்து ரொம்ப மோசமா போன சில கேஸ்கள எழுதி வச்சாங்க, அதுலருந்து எல்லாருக்கும் சேர்த்து "கூடாது"ன்னு ஒரு பயம் பரவிருச்சு. அப்பறம் 2001ல அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டி டாக்டருங்க இந்த நோய்கள் இருந்து மார்ப காப்பாத்தி ரேடியேஷன் எடுத்த 36 பேர, நோய் இல்லாதவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. வருஷக்கணக்குல வர்ற பெரிய பக்கவிளைவு இவங்கள்ல 100க்கு 17, மத்தவங்கள்ல 3. ஆனா நோய் நோயா பிரிச்சுப் பார்த்தா ஸ்க்ளீரோடெர்மா கூட்டத்துல மட்டும்தான் அந்த வித்தியாசம் உறுதியா நின்னுச்சு. 36 பேருங்கிறது சின்ன எண்ணிக்கைதான், இருந்தாலும் நான் பேஷண்ட்டுகிட்ட பேசறப்ப இத மனசுல வச்சுத்தான் பேசுவேன். ரேடியேஷன் ட்ரையல்கள் பலதுல இந்த நோய்க்காரங்கள சேர்க்கவே இல்ல, அதனால கைவசம் இருக்கறது இது மாதிரி கொஞ்சம்தான்.

காரணம் என்னன்னா, ரேடியேஷன் பட்ட எடத்துல உடம்பு தழும்பு மாதிரி நார்த்திசுவ போட்டு ஆத்தும், ஸ்க்ளீரோடெர்மால உடம்பு ஏற்கனவே தேவையில்லாம அதைத்தான் போட்டுக்கிட்டு இருக்கு, ரெண்டும் ஒரே எடத்துல சேர்ந்தா மார்பு காஞ்ச ஓலக்கொட்டான் மாதிரி வெறச்சுப்போயிரலாம், சின்ன ரத்தக்குழாயும் சுருங்கி புண்ணு வந்தா ஆறாது. இது ரேடியேஷன் குடுக்கற அந்த மூணு வாரத்துல தெரியாது, மாசங்கள் வருஷங்கள் கழிச்சு வர்றது. "எங்க தெருவுல ஒருத்தருக்கு குடுத்தாங்க, நல்லாத்தானே இருக்காங்க"ன்னு யாராவது சொன்னா எப்ப குடுத்தாங்கன்னு கேளுங்க.

குளிர்ல விரல் வெள்ளையாகி நீலமாகறது ரேனாட்ஸ். லூபஸ்லயும் வரும், ஸ்க்ளீரோடெர்மாலதான் ரொம்ப அதிகம். இப்பவே ஒண்ணு பாருங்க. விரலோட மேல்பக்கத்துத் தோல இன்னொரு கையால கிள்ளித் தூக்குங்க, தூக்க வருதா, இல்ல எலும்போட ஒட்டுன மாதிரி வழுவழுன்னு இறுக்கமா இருக்கா? முறுக்குக் கட்டையப் புடிச்சுப் பிழிய முடியுதா? வாய முன்ன மாதிரி பெருசா தெறக்க முடியுதா? வறட்டு இருமல், மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குறது உண்டா? இதுக்கு விடைய எழுதி வச்சுக்கிட்டு பழைய பைல்ல ஏஎன்ஏ, ஆன்ட்டி சென்ட்ரோமியர், எஸ்சிஎல் 70ங்கிற ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கான்னு தேடுங்க. இந்த நோய்க்கு மாத்திரை குடுக்கற உங்க ருமட்டாலஜி டாக்டர்கிட்ட போயி "எனக்கு என்ன நோய், இப்ப தீவிரமா இருக்கா"ன்னு ஒரு லெட்டர் வாங்கிருங்க. நுரையீரலுக்கு ஹெச்ஆர்சிடி ஸ்கேன், மூச்சு டெஸ்ட், கூட இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேனும் வேணும். மார்புக்குக் குடுக்கற ரேடியேஷன்ல பின்னாடி இருக்கற நுரையீரல்லயும் கொஞ்சம் படும், உங்களுக்கு இடது பக்கங்கிறதால இதயத்தையும் பார்க்கணும்.

ஸ்க்ளீரோடெர்மா உறுதியாகி தோல் இறுக்கமோ நுரையீரல் பாதிப்போ இருந்தா, மார்ப முழுசா எடுத்துட்டு ரேடியேஷன தவிர்க்கறதுதான் நல்லதுன்னு நான் நெனைக்கிறேன். கேட்கவே கஷ்டமா இருக்கும், தெரியும் ஆச்சி. ஆனா கட்டிய மட்டும் எடுத்துட்டு ரேடியேஷனும் வேணாம்னு விட்டுறக்கூடாது. பத்தாயிரத்துக்கும் மேல பெண்கள வச்சுப் பார்த்த கணக்குல, கட்டி எடுத்தப்பறம் ரேடியேஷன் இல்லன்னா 10 வருஷத்துல 100ல 35 பேருக்கு நோய் திரும்பி வந்துச்சு, குடுத்தவங்கள்ல 19 பேருக்கு. ஹார்மோன் பாசிட்டிவா (ஹார்மோனால வளர்ற வகையா) சின்ன கட்டியா இருந்து 65, 70 தாண்டுனவங்களுக்கு ரேடியேஷன் இல்லாம ஹார்மோன் மாத்திரையோட விட்டுறலாம்னு ஆதாரம் இருக்கு, உங்க வயசுக்கு அத அப்படியே எடுத்துக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. மார்ப எடுத்தப்பறமும் அக்குள்ல 4 நெறிக்கட்டியிலயோ அதுக்கு மேலயோ கேன்சர் இருந்தா ரேடியேஷன் வேணும்னுதான் சொல்வாங்க. அதனால அக்குள் ஸ்கேன், தேவைன்னா ஊசி டெஸ்ட், எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடியே முடிச்சிரணும், இல்லாட்டி மார்பும் போயி ரேடியேஷனும் வந்து நிக்கும்.

அடங்கி இருக்கற லூபஸோ மூட்டுவாதமோதான்னா சர்ஜன் சொன்ன வழியே சரி. இப்பல்லாம் பொதுவா 40 கிரே அளவ 15 தடவையா பிரிச்சு 3 வாரத்துல முடிச்சிர்றாங்க, உங்கள மாதிரி ஆளுக்கு தினசரி அளவ கொறச்சு 50 கிரேய 25 தடவையா குடுக்கலாம்னு சில டாக்டருங்க விரும்புவாங்க, அத ரேடியேஷன் டாக்டரே முடிவு பண்ணட்டும். இந்த நோய்க்குக் குடுக்கற மாத்திரைகள்ல மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டா அந்த சமயத்துல நிறுத்தச் சொல்லலாம், ஹைட்ராக்சிகுளோரோகுயின பெரும்பாலும் தொடரச் சொல்வாங்க. ஸ்டீராய்டு மாத்திரைய மட்டும் நீங்களா ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க, ஆபத்து.

சிகிச்சை ரூம்ல ஏசி சில்லுன்னு இருக்கும், கைய தலைக்கு மேல தூக்கி அசையாம படுக்கணும், உங்களுக்கு விரல் செத்துப்போன மாதிரி வலிக்கும். மொத நாளே டெக்னீஷியன்கிட்ட சொல்லி கையுறையும் சாக்ஸும் போட்டுக்கங்க. மார்புல மஞ்சளோ நல்லெண்ணெயோ தடவாதீங்க, தளர்வான பருத்தி ரவிக்கை போதும். தெனமும் பள்ளத்தூர்லருந்து மதுரைக்கு பஸ்ல போயிட்டு வர்றது ஒடம்பு தாங்காது, அங்கேயே யார் வீட்லயாவது தங்கிக்கங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஆஸ்பத்திரில மொதல்லயே காட்டிருங்க.

இதுக்கெல்லாம் ரெண்டு வாரம் ஆனா கட்டி ஒண்ணும் ஓடிப்போயிறாது, ஆனா ரெண்டு மாசம் இழுக்காதீங்க. சர்ஜன், ரேடியேஷன் டாக்டர், ருமட்டாலஜி டாக்டர் மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் போன்ல பேசாம ஆபரேஷனுக்கு கையெழுத்துப் போடாதீங்க ஆச்சி.