டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு குறைவா? ஹார்மோன் கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு டி.எஸ்.எச். 14 என்று வந்திருக்கிறது. எண் கூடியிருக்கும்போது தைராய்டு குறைவு என்கிறார்களே, எப்படி?

பதில்: டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது அல்ல. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. பிட்யூட்டரிக்கு மேலே உள்ள மூளைப் பகுதியான ஹைபோதலாமஸ், டி.ஆர்.எச். என்ற ஹார்மோனை நுண்ணிய ரத்தக் குழாய்கள் வழியே நேராக அதற்குள் இறக்குகிறது. உடனே பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சை விடும்; தைராய்டு தன் ஹார்மோன்களான டி4, டி3 இரண்டையும் சுரக்கும். அவை போதிய அளவு சேர்ந்ததும் மேலே உள்ள இரண்டும் அடங்கிவிடும். உங்கள் தைராய்டு சோர்ந்திருப்பதால் பிட்யூட்டரி விடாமல் விரட்டுகிறது. மாத்திரை தொடங்கி 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்கு முன் எண் நிலைப்பட்டிருக்காது.

கேள்வி: பிட்யூட்டரிதான் தலைமைச் சுரப்பியா?

பதில்: பாடப்புத்தகத்தில் அப்படிப் படித்திருப்போம். ஆனால் அது வெளியே விடும் ஆக்ஸிடோசின், வாசோபிரெசின் என்ற இரண்டு ஹார்மோன்களை அது உருவாக்குவதுகூட இல்லை. ஹைபோதலாமஸ் உருவாக்கித் தருவதைச் சேமித்து வைத்து வெளியே விடுகிறது.

கேள்வி: டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதுமா?

பதில்: பெரும்பாலோருக்குப் போதும். கோளாறு பிட்யூட்டரியிலேயே இருந்தால் அந்த எண் ஏமாற்றிவிடும்: டி4 குறைந்திருக்கும், டி.எஸ்.எச். ஏறாமல் நார்மலாகவே நிற்கும். பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு ஏற்பட்ட பெண்களிடம் இதைத் தேடிப் பார்ப்பேன். கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருத்திருக்கும். ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்தால் அதற்கு ரத்தம் எட்டாமல் திசு அழிந்துவிடும். ஷீஹான் நோய் என்பது இதுதான். பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, அக்குள் முடி உதிரும், எப்போதும் அசதி. "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. மனம் ஆறவில்லை எனக்கு. இவர்களுக்கு, உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் குறைந்திருந்தால் முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராய்டு மாத்திரை. வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ஐயா, அப்பா மூட்டுவலிக்கு ஆறு மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். வலி போய்விட்டது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் பிட்யூட்டரி கட்டளை அனுப்புவதை விட்டுவிடும். அந்தச் சுரப்பி சுருங்கிப் போகும். திடீரென்று விட்டால் வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் எல்லாம் வரலாம். மாத்திரை எழுதிய டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள். இடையில் கடுங்காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் ஸ்டீராய்டு விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: மார்பில் பால் கசிகிறது, நான் தாயானதில்லை. புரோலாக்டின் 70. மூளையில் கட்டியா டாக்டர்?

பதில்: பயம் வேண்டாம் அம்மா. மற்ற பிட்யூட்டரி ஹார்மோன்களைப் பெரும்பாலும் தூண்டிவிடும் ஹைபோதலாமஸ், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை மட்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளால் அடக்கியே வைக்கிறது. வாந்திக்குத் தரும் டோம்பெரிடோனும் சில மனநல மருந்துகளும் அந்த டோபமைனைத் தடுக்கும், புரோலாக்டின் ஏறிவிடும். தைராய்டு குறைவாலும் ஏறும். ஆகவே டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்துச் செல்லுங்கள். மனநல மருந்தை மட்டும் நீங்களே நிறுத்திவிடாதீர்கள். டி.எஸ்.எச்., கர்ப்பப் பரிசோதனை இரண்டும் முடிந்து, வேறு காரணம் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். கட்டியாகவே இருந்தாலும் பெரும்பாலானவை கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.