ஐயர் மாறிப் போகிறார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஈஸ்டர் முடிந்து பள்ளிக்கூடப் பரீட்சையும் முடிந்தால், தென் மாவட்டங்களின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில், 'ஐயர்' என்று நாங்கள் கூப்பிடும் குருவானவர்களின் மாற்றல் பேச்சுதான். "நம்ம ஐயருக்கு ஆர்டர் வந்துட்டாமே" என்று ஆலய வாசலில் யாராவது ஆரம்பிப்பார்கள். ராத்திரிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எட்டுச் சேகரங்களில் (சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்) ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான்.

எங்கள் ஐயர் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. இப்போதுதான் வாலிபர்கள் ஆலயத்துக்கு வருகிறார்கள். வேன் பிடித்துப் போய், மாற்றலை நிறுத்தும்படி பேராயரிடம் (பிஷப்) கேட்கலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் வேன் கிளம்பும்போதே, அடுத்து வரப்போகிறவர் காதுக்கும் செய்தி போய்விடும். நான் ஒரு சேகரத்துக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் இருந்தவரை விடமாட்டோம் என்று இரண்டு வேன் நிறைய ஆட்கள் போய்க் கேட்டிருக்கிறார்கள், நடக்கவில்லை. முதல் ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏறிப் பார்த்தேன், இடதுபக்க வரிசைகள் முழுவதும் காலி. அவர்களில் யாருக்கும் என் முகம்கூடத் தெரியாது. அந்த வரிசைகள் நிறைய ஒன்றரை வருடம் பிடித்தது. என் மனைவியிடம் கடைத்தெருவில் பேசவே பலர் தயங்கினார்கள்.

உங்கள் ஐயர் வீட்டில் தீராத நோய், பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு என்று உண்மையான காரணம் இருந்தால், அவரே முன்கூட்டி எழுதிக் கேட்கட்டும். சேகரக் கமிட்டி பணிவாக ஒரு பக்கக் கடிதம் கொடுக்கலாம். இதெல்லாம் ஆர்டர் வருவதற்கு முன். வந்தபிறகு அந்த வாலிபர்களைக் கூட்டி, புதியவரின் முதல் ஞாயிறுக்குப் பாட்டு எடுக்கச் சொல்லுங்கள். மூன்று வருட ஊழியம் வேர் பிடித்திருக்கிறது என்று மாறிப் போகிறவருக்கு அதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

நான் ஒரு குருவானவரின் மனைவி. பத்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். எல்லோரும் ஐயர் கையைப் பிடித்து அழுகிறார்கள். நான் உள்ளே பாத்திரம் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் துக்கத்தை யாரிடம் சொல்ல?

அம்மா, உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். அப்புறம், "அந்தக் கதவு நிலையைப் பற்றி எழுதுங்க" என்றாள்.

ஒரு குருமனையில் சமையலறைக் கதவு நிலையில் எங்கள் இரண்டு பிள்ளைகளின் உயரத்தையும் வருடாவருடம் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவைத்திருந்தோம். நாங்கள் கிளம்புகிற வாரம் பெயின்ட் அடிக்க ஆள் வந்தார். அந்த நிலையை மட்டும் கடைசியில் அடிக்கும்படி கேட்டுக்கொண்டாள். அவரும் சரி என்றார். நாங்கள் லாரியில் சாமான் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் அடித்து முடித்துவிட்டார். எங்கள் வீடாக இல்லாத வீட்டில் அவர் செய்தது தப்பும் இல்லை. அதனால்தான் அவளால் யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை.

நீங்கள் சொல்லுங்கள், அம்மா. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உங்களுக்கு நெருக்கமான ஒருத்தராவது இருப்பார். அவரை வரச்சொல்லி, பாத்திரம் கட்டும்போது பக்கத்தில் உட்காரவையுங்கள். சாமான் கட்டுவதற்கு முன் ஒரு சாயங்காலம் குடும்பமாகச் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மகள் விஷயத்தில் அவளைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். ஒரு வருடம் சித்தி வீட்டில் தங்கிப் படிப்பதா, கூடவே வந்து புதுப் பள்ளியில் சேர்வதா என்று அவளே சொல்லட்டும். கூட வருவதானால் புதுச் சேகரத்துச் செயலரிடம் இன்றைக்கே போனில் பேசுங்கள். ஜூன் வரை காத்திருந்தால் இடம் கிடைப்பது கஷ்டம்.

சபையாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரியாவிடைக் கூட்டத்தில் ஐயருக்குப் பத்துப் பொன்னாடை போடுகிறீர்கள். அவர் மனைவியையும் பெயர் சொல்லி அழைத்து, அவர் செய்ததை நாலு வார்த்தை பேசுங்கள். புதுக் குடும்பம் வந்து இறங்குகிற அன்று ஒரு குடம் குடிதண்ணீரும் ராத்திரிச் சாப்பாடும் வீட்டில் இருக்கட்டும். அலங்கார வளைவுக்குச் செலவழிக்கிற பணத்தில் குழாய்களைச் சரிபார்த்துவிடலாம்.

முதல்முறை மாறிப் போகும் இளம் குருவானவன் நான். சாவி, கணக்கு, பதிவேடுகளை ஒப்படைத்தால் போதுமா?

அவை கண்டிப்பாக வேண்டும். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் என்று எல்லாப் பதிவேடுகளிலும் விட்டுப்போன கையெழுத்தை இன்றே தேடிப் போடுங்கள். திருமணப் பதிவேடு 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் வருவது. அதில் தவறு இருந்தால் பின்னால் ஒரு குடும்பம் அலைய நேரும். வங்கியில் கையெழுத்து மாற்றத் தாமதித்தால் முதலில் கஷ்டப்படுவது, சம்பளத்துக்குக் காத்திருக்கும் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளைதான்.

இவற்றோடு ஒரு நோட்டும் எழுதிவையுங்கள். படுக்கையில் இருப்பவர்கள், வீட்டிலேயே திருவிருந்து (நற்கருணை) வாங்குகிற முதியவர்கள், இந்த வருடம் சாவு நடந்த வீடுகள், முதல் நினைவுநாள் தேதிகள். எனக்கு முன்னவர் ஒருவர் விட்டுப்போன நோட்டில், "தெற்குத் தெரு கடைசி வீட்டுப் பாட்டிக்கு இடது காது கேட்காது, வலப்பக்கம் உட்கார்ந்து ஜெபியுங்கள்" என்று இருந்தது. நான் அப்படியே போய் வலப்பக்கம் உட்கார்ந்தேன். "பழைய ஐயர் சொல்லிட்டுப் போனாங்களா?" என்று கேட்டு அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

யாருக்கு யாரோடு சண்டை என்பதை மட்டும் எழுதாதீர்கள். புதியவர் எல்லோர் வீட்டு வாசலிலும் ஒரே மனதோடு ஏறட்டும்.

பழைய ஐயர்தான் என் மகன் கல்யாணத்தை நடத்த வேண்டும் என்று ஆசை. தப்பா?

ஆசை தப்பில்லை ஐயா. ஆனால் முதலில் புதிய ஐயரிடம் போய்க் கேளுங்கள். அழைப்பிதழ் அச்சடித்துவிட்டு அவருக்குத் தெரிவிக்காதீர்கள். அவர் நடத்த, பழையவர் பிரசங்கம் செய்யலாம், இல்லையென்றால் ஆசீர்வாத ஜெபம் செய்யலாம். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் நானும் ஒரு காலத்தில் திரும்பப் போயிருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர் தன் ஆலயத்திலேயே ஓரமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபிறகுதான் உறைத்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

புதிய ஐயர் வந்த இரண்டாம் வாரமே ஆராதனை முறையை மாற்றிவிட்டார். பெரியவர்கள் கொந்தளிக்கிறார்கள்.

நம் சி.எஸ்.ஐ. சபை பிறந்த கதையை அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய, பல சபைகளை ஒன்றாக்கும் ஐக்கியப் பேச்சு, 1947 செப்டம்பர் 27-இல்தான் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியது. 28 வருடம். அதற்காக உழைத்த நம் வெள்ளாளன்விளை அசரியா பேராயர் அதைப் பார்க்காமலே 1945-இல் இறந்தார். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்று மூன்று வழிபாட்டுப் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றானார்கள். மனச்சாட்சிப்படி எதிர்க்கிற ஒரு சபையின்மேல் பழக்கமில்லாத ஆராதனை முறையைத் திணிக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் சேர்ந்தார்கள். பொதுவான திருவிருந்து முறை 1950-இல் வந்தபோதும் அதைக் கட்டாயமாக்கவில்லை.

அவ்வளவு பெரிய மாற்றத்திலேயே அத்தனை பொறுமை காட்டினார்கள். முதல் வருடம் வீடுவீடாகப் போகட்டும், மாற்றங்களை அப்புறம் பார்க்கலாம் என்பதே என் கருத்து. பெரியவர்களும் கூட்டத்தில் எழுந்து கத்தாமல், இரண்டு பேராக வீட்டுக்குப் போய்ச் சொன்னால் கேட்பார்.

நாங்கள் கத்தோலிக்கர். பங்குத்தந்தையை ஏன் நிரந்தரமாக வைக்கக்கூடாது?

1983-ஆம் வருடத் திருச்சபைச் சட்டம் நிலையாக இருப்பதையே விரும்புகிறது. காலவரையின்றி நியமிப்பதுதான் அதில் பொது விதி. ஆயர் பேரவை அனுமதித்த இடங்களில் மறைமாவட்ட ஆயர் குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கலாம். எனவே மாற்றல் வந்தாலே யாரோ புகார் செய்துவிட்டார்கள் என்று தேடாதீர்கள். காலம் முடிந்திருக்கலாம், அவ்வளவுதான்.

முதல் தடவையாகப் பெண் குருவானவர் வருகிறார். 'ஐயர்' என்று கூப்பிட முடியாதே, என்ன சொல்வது?

அவரிடமே கேட்டுவிடுங்கள். வருவதற்கு முன்பே செயலர் போனில் கேட்டு, ஞாயிறு அறிவிப்பில் சொல்லிவிட்டால் யாருக்கும் தடுமாற்றம் இருக்காது. 2013-இலேயே நந்தியால் திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதி) புஷ்ப லலிதா அம்மையார் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் ஆகிவிட்டார். உங்கள் ஊர் வயதானவர்களிடம் அதையும் சொல்லுங்கள். அவர் கணவரும் கூட வருகிறார் என்றால், அவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவருக்கும் ஊர் புதிது.