வாசகர் கேள்விகள்: ஆய்வு வழிகாட்டியின் கட்டுரைப் பட்டியல்

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, கரிம வேதியியலிலோ மருந்து வேதியியலிலோ முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்புகிறாள். அவள் பார்த்து வைத்திருக்கும் வழிகாட்டிகள் இருவரில் ஒருவர் 160 ஆய்வுக்கட்டுரைகளும் மற்றவர் 45 கட்டுரைகளும் வெளியிட்டிருக்கிறார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: பத்தமடைக்குப் பாய் வாங்கப் போகிறவர், கடையில் எத்தனை பாய் அடுக்கியிருக்கிறது என்று எண்ணுவதில்லை, ஒன்றை விரித்துக் கோரையின் நெருக்கத்தைத் தடவிப் பார்க்கிறார். இரு பட்டியல்களிலிருந்தும் கடந்த ஐந்தாண்டுகளில் வந்த கட்டுரைகள் மும்மூன்றை மகளை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் பெயர்களின் வரிசை. வேதியியலில், ஆய்வுமேசையில் நின்று பெரும்பங்கு வேலை செய்த மாணவரின் பெயர் பெரும்பாலும் முதலிலும், ஆய்வை வகுத்து நடத்தியவரின் பெயர் உடுக்குறியோடு (*) இறுதியிலும் வரும். அந்த 160 கட்டுரைகளில் எத்தனையில் அவர் பெயர் உடுக்குறியோடு நிற்கிறது, எத்தனையில் ஒன்பது பேருக்கு நடுவே இருக்கிறது என்று பார்த்தாலே கணக்கு வெகுவாக இறங்கிவிடக்கூடும். நடுவில் இருப்பது குற்றமன்று. ஒரு சேர்மத்தின் படிக அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டறிந்து கொடுத்தவர் அங்கேதான் இருப்பார். ஆனால் தங்கள் மகள் கற்க விரும்புவது சேர்மங்களை உருவாக்கும் கலையை என்றால், அதை நடத்தியவர் யார் என்பதே முக்கியம்.

அடுத்து, கட்டுரையோடு இணைத்து வெளியிடப்படும் துணைத் தகவல் கோப்பு. கட்டுரையைவிட நான் அதிகம் நம்புவது இதைத்தான். புதிய சேர்மம் ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பு முறை, விளைச்சல் சதவீதம், திண்மமானால் உருகுநிலை, மூலக்கூறின் கட்டமைப்பைக் காட்டும் புரோட்டான், கார்பன்-13 என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலைகளின் படங்கள், துல்லியமான நிறை அளவீடு ஆகியவை அதில் இருக்க வேண்டும். நிறமாலையில் மிச்சமிருந்த கரைப்பானின் சிறு முகடு தெரிந்தால், படத்தை யாரும் திருத்தவில்லை என்று எனக்கு நிம்மதி. வழித்துத் துடைத்தாற்போல் அடிக்கோடு நேராக ஓடினால் இன்னொரு முறை பார்ப்பேன். 1921-இல் தொடங்கிய ‘ஆர்கானிக் சிந்தசிஸ்’ தொடரில், ஒரு செய்முறையை வேறோர் ஆய்வகத்தில் செய்து சரிபார்த்த பிறகே அச்சிடுகிறார்கள். பிற ஆய்விதழ்கள் பொதுவாக அவ்வாறு செய்வதில்லையாதலால், படிப்பவர் நம்பியிருக்க வேண்டியது இந்தக் கோப்பையே.

மருந்து வேதியியல் கட்டுரையானால், நொதியின் செயலைப் பாதியாகக் குறைக்கும் செறிவாகிய ஐசி50 மதிப்பு தரப்பட்டிருக்கிறதா, ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு மருந்தோடு ஒப்பிட்டிருக்கிறார்களா, நலமான செல்களிலும் சோதித்தார்களா என்று பார்க்க வேண்டும். கணினியில் மூலக்கூறைப் புரதத்தில் பொருத்திப் பார்த்த வண்ணப்படங்கள் மட்டுமே இருந்து, ஆய்வகச் சோதனை ஒன்றும் இல்லாவிட்டால், அது தொடக்கமேயன்றி முடிவன்று.

எச்-இண்டெக்ஸ் பற்றியும் மகள் சொல்லியிருக்கக்கூடும். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு அது. 20 என்றால், 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று பொருள். அது ஏறுமேயன்றி இறங்காது. ஆகவே நாற்பது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் அதை வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது. அதைவிட, அந்த வழிகாட்டிகளிடம் பட்டம் பெற்றவர்கள் எத்தனை ஆண்டுகளில் பெற்றார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மஞ்சளில் உள்ள குர்குமின் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்தும், அது ஏன் இன்னும் மருந்தாகவில்லை? (மாணவி, அம்பாசமுத்திரம்)

பதில்: 2017-இல் ‘ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி’ இதழில் வெளியான விரிவான மதிப்பாய்வு இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. குர்குமின் நீரில் எளிதில் சிதைவது. உடலில் மிகக் குறைவாகவே உட்கிரகிக்கப்படுவது. பல புரதங்களோடு பாகுபாடின்றி வினைபுரிவது. தானே ஒளிர்வதால், ஒளியை அளக்கும் சோதனைகளில் பொய்யான வெற்றியைக் காட்டக்கூடியது. இப்படி ஏமாற்றும் மூலக்கூறு வகைகளைத் திரட்டிய கட்டுரையொன்று அதே இதழில் 2010-லேயே வந்துவிட்டது. அதன் பிறகும் அத்தகைய மூலக்கூறுகளை வைத்துக் கட்டுரைகள் குவிவதை வெளியீட்டு ஆசையென்றே சொல்வேன். சமையலில் மஞ்சளுக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை.

கேள்வி: மருந்து நிறுவனமொன்றில் ஒன்பது ஆண்டுகளாக ஆராய்ச்சி வேதியியலாளராக இருக்கும் என் அண்ணனுக்கு இரண்டே கட்டுரைகள்தாம் உள்ளன. அவர் ஆய்வில் பின்தங்கிவிட்டாரா? (வாசகர், சேரன்மகாதேவி)

பதில்: காப்புரிமைகளில் கண்டுபிடிப்பாளர் பெயர்களைத் தேடிப் பாருங்கள். நிறுவனங்கள் முதலில் காப்புரிமைக்கே விண்ணப்பிக்கும். விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களுக்குப் பிறகே வெளியாகும். கட்டுரை அதற்கும் பின்னரே வரும், கைவிடப்பட்ட திட்டமானால் வராமலும் போகும். மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் அமைப்பை அறிவித்த 1977-ஆம் ஆண்டுச் சீனக் கட்டுரையில் தனிநபர் பெயர் ஒன்றுகூட இல்லை, ஆய்வுக் குழுவின் பெயரே இருந்தது. அந்த மருந்தைக் கண்டறிந்ததற்காகச் சீன விஞ்ஞானி து யூயூ நோபல் பரிசு பெற்றது 2015-இல்.