தர்மபுரியில் எந்த ஊர் அதிகம் நலிந்தது என்று வரைபடத்தில் காட்ட முடியுமா?

முடியும். ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே நிறம் பூசினால் பயனில்லை. 2011 கணக்கெடுப்பில் தர்மபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், தமிழகத்திலேயே கடைசி. அந்த ஒற்றை எண் அரூர் டவுனையும் சித்தேரி மலையையும் ஒன்றாக்கிவிடுகிறது.

வழக்கமாக படிப்பு, வீடு, வண்டி வசதி, முதியோர் என ஒவ்வொன்றிலும் ஊர்களை வரிசைப்படுத்தி, கிடைத்த இடங்களைக் கூட்டுவார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சமூக நலிவுக் குறியீடு இப்படி 16 விஷயங்களைச் சேர்க்கிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஆங்கிலம் சரளமாக வராததும் ஒரு குறையாகிவிடும்!

நம் பக்கத்துக்கு வேறு இரண்டு வேண்டும். ஒன்று, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவுக்கு ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. குழாய் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களின் வீடுகள். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீடு, மகன் அனுப்பும் பணத்தால் வருமானக் கணக்கில் வசதியான வீடாகவே தெரியும்.

அப்புறம், பஞ்சாயத்தோடு நிறுத்தாமல் குக்கிராமம் வரை இறங்குங்கள். ஊருக்கும் காலனிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும்.