கேளுங்க அண்ணாச்சி: ஒரே 23, ரெண்டு கார்!

கேள்வி: போர்ஷே 917 என்ற பழைய ரேஸ் காரின் படம் இரண்டு பார்த்தேன். இரண்டும் சிவப்பு வெள்ளை, இரண்டிலும் 23-ம் நம்பர். ஆனால் ரெண்டும் வேற வேற கார் என்கிறான் என் மருமகன். நம்ம ஊர் வண்டிக்கு ஆர்.சி. புக் இருக்கிறது. ரேஸ் காருக்கு யார் கணக்கு வைப்பது?
- வாசகர், வள்ளியூர்

பதில்: மருமகன் சொன்னது சரிதான். 1970-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், கொட்டுகிற மழையில் ஜெயித்தது 023 என்ற சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) நம்பர் கொண்ட வண்டி. ஓட்டியவர்கள் ஹான்ஸ் ஹெர்மானும் ரிச்சர்ட் அட்வுட்டும். அதை இறக்கியது போர்ஷே சால்ஸ்பர்க் அணி, அதாவது போர்ஷே கம்பெனியை நடத்திய ஃபெர்ரி போர்ஷேயின் அக்கா லூயிஸ் பியெஹ் பக்கத்து ஆட்கள். ஜெயித்தால் ரேஸை விட்டுவிடுகிறேன் என்று ஹெர்மான் வீட்டம்மாவிடம் சொல்லியிருந்தாராம், சொன்னபடியே விட்டும்விட்டார்.

நீங்கள் பார்த்த இன்னொன்று 001. 1969-ல் ஜெனீவா கண்காட்சியில் வெள்ளையும் பச்சையுமாக நின்ற முதல் 917. அதற்குத்தான் பிறகு ஜெயித்த வண்டியின் பெயிண்டை அடித்து, 23 போட்டு, காட்சிக்கு வைத்தார்கள். 2019-ல், 50 வருடம் ஆனபோது, கம்பெனியே அதைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தது. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், விளம்பரம்தான். ஆனால் செய்தது கம்பெனியே என்பதால் பெயிண்டை நம்பி யாரும் சத்தியம் பண்ண முடியாது.

அப்போ சேசிஸ் நம்பர்தானே என்பீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கிறோமே, அதேதான், ஆனால் அங்கே அதுவும் போதாது. பந்தயத்தில் நொறுங்கிய சட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறு சட்டத்தில் பழைய நம்பரையே குத்தி அடுத்த பந்தயத்துக்கு அனுப்புவது அந்தக் காலத்தில் சாதாரணம். கழித்துப் போட்டதை இன்னொருவர் வாங்கி ஒக்கிட்டுவிட்டால் ஒரே நம்பருக்கு ரெண்டு கார், ரெண்டு ஓனர், அப்புறம் கோர்ட். அதனால் வாங்குகிறவர்கள் நிலத்துக்கு மூலப்பத்திரத்திலிருந்து வில்லங்கம் பார்ப்பதுபோல, கம்பெனிக் குறிப்பு, விற்ற பில், பந்தய நாள் போட்டோவில் ரிவெட் எந்த இடத்தில் இருக்கிறது என்பது வரை பார்க்கிறார்கள்.

கேள்வி: ஜெயித்த கார்தான் விலை போகுமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அப்படி இல்லை தாயி. 024 என்ற 917, லெ மானில் ஜெயித்ததே கிடையாது. ஆனால் 2017-ல் அமெரிக்காவில் 1.4 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. காரணம் அதை வைத்திருந்த கை. சுவிஸ் வீரர் ஜோ சிஃபர்ட் சொந்தமாக வாங்கி வைத்திருந்த வண்டி அது. அவர் 1971-ல் பிராண்ட்ஸ் ஹட்ச் பந்தயத்தில் இறந்த பிறகு பிரான்சில் ஒருவரிடம் போய், பல வருடம் வெளியே தலைகாட்டவே இல்லை. அதிகம் ஓடாததால் உடம்பில் பழைய பாகம் நிறைய மிச்சம், விலை ஏற அதுவும் ஒரு காரணம். ஜெயித்த வண்டிகள் பாவம், அடிபட்டு அடிபட்டு எதை எதையோ மாற்றியிருப்பார்கள்.

கேள்வி: சாதாரண ஆள் அந்தக் காரை வாங்க முடிந்ததா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: காசு இருந்தால் முடிந்தது. 25 கார் கட்டிக் காட்டினால்தான் பந்தயத்துக்கு அனுமதி என்பது விதி, அதனால் 1969 ஏப்ரலில் 25-ஐயும் வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். கட்டிய பிறகு விற்கத்தானே வேண்டும்? ஆனால் வீட்டுக்கு ஓட்டிப்போகிற வண்டி இல்லை. எடை குறைய கியர் தடியின் குமிழைக்கூட பால்சா என்ற லேசான மரத்தில் செய்தார்கள். அலுமினியக் குழாய்ச் சட்டத்துக்குள் வாயுவை அடைத்து, டிரைவர் எதிரில் அதன் அழுத்தம் காட்ட ஒரு கேஜ், முள் இறங்கினால் எங்கோ வெல்டிங் விட்டுவிட்டது என்று அர்த்தம்! 1969 லெ மானில் சொந்த 917-ஐ ஓட்டிய இங்கிலாந்துக்காரர் ஜான் வுல்ஃப், முதல் சுற்றிலேயே மோதி இறந்துபோனார்.