ஜார்ஜியாவின் க்வாரத்ஸ்கேலியா திடீரென்று எங்கிருந்து வந்தார்? எல்லாம் அதிர்ஷ்டம்தானா?

2022-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கால்பந்து கிளப்பான நாப்போலி வாங்கும்வரை பெயரே கேள்விப்படாத ஒரு பையன் ஒரே வருடத்தில் இத்தாலிய லீக்கின் சிறந்த வீரர் ஆனது எப்படி, அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். க்விச்சா க்வாரத்ஸ்கேலியாவை அவர் ரஷ்யாவின் ரூபின் கசான் கிளப்பில் ஆடிய காலத்திலிருந்து விடாமல் பார்த்து வருகிறேன். அவர் திடீரென்று வரவில்லை என்பதுதான் என் பதில். ஐந்து வருடம் தொழில்முறைக் கால்பந்து ஆடி முடித்த பிறகுதான் நேப்பிள்ஸ் விமான நிலையத்தில் இறங்கினார். அந்த ஐந்து வருடமும் நாம் யாரும் தொலைக்காட்சியில் பார்க்காத லீக்குகளில் கழிந்தது, அவ்வளவுதான்.

2001 பிப்ரவரி 12 அன்று ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் மேற்கு ஜார்ஜியாவில் உள்ள சமெக்ரெலோ. அப்பா பத்ரியும் கால்பந்து வீரர்தான். ஜார்ஜியாவில் பிறந்து அஜர்பைஜான் தேசிய அணிக்கு ஆடியவர். ஆக, பிழைப்புக்காக எல்லை தாண்டிப் போய் ஆடுவது அந்த வீட்டில் பழகிய விஷயம். க்விச்சா வளர்ந்தது தினமோ திபிலிசியின் இளையோர் பயிற்சியகத்தில். 1981-ல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையை வென்ற கிளப் அது. சோவியத் காலத்துப் பெருமை இன்னும் அந்த ஊர்க்காரர்கள் பேச்சில் இருக்கிறது. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு அந்த லீக்கில் பணம் இல்லை. நாற்பது லட்சம் பேர்கூட இல்லாத நாடு. திறமையுள்ள பையன் பதினெட்டு வயதில் வெளியே போயாக வேண்டும்.

2017 செப்டம்பரில், பதினாறு வயதில், தினமோவின் முதல் அணிக்கு ஆடினார். அடுத்த வருடம் இன்னொரு ஜார்ஜிய கிளப்பான ருஸ்தாவி. 2019 தொடக்கத்தில் லோகோமோட்டிவ் மாஸ்கோவுக்குப் பருவம் முடியும்வரை கடனாக, அதாவது இரவல் வீரராக, போனார். அந்தக் குறுகிய காலத்திலேயே ரஷ்யக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். அப்படியிருந்தும் லோகோமோட்டிவ் அவரை நிரந்தரமாக வாங்கிக்கொள்ளவில்லை. ரூபின் கசான் வாங்கியது. 2019 ஜூலையில் ரூபினுக்காக ஆடிய முதல் ஆட்டமே லோகோமோட்டிவுக்கு எதிராக அமைந்தது. மாற்று வீரராக இறங்கி, ஸ்கோரைச் சமன் செய்த கோலை அடித்தார்.

இந்த ஜூலை மாதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான் திபிலிசியில் ரஷ்யாவுக்கு எதிராகப் பெரிய போராட்டம் வெடித்து, பதிலடியாக ரஷ்யா ஜூலை 8 முதல் ஜார்ஜியாவுக்கான நேரடி விமானங்களை நிறுத்தியது. அதே நாட்களில் ஒரு ஜார்ஜியப் பையன் கசானில் ஒப்பந்தம் போடுகிறான். 2008 ஆகஸ்ட் போரின்போது அவனுக்கு ஏழு வயது. அந்தப் போரில் ரஷ்யப் படைகள் சமெக்ரெலோவுக்குள்ளும் வந்தன. ஜார்ஜியர்கள் பலருக்கு ரஷ்ய லீக்கில் ஆடுவது உறுத்தலான விஷயம். ஆனாலும் இளம் வீரர்கள் போனார்கள். பெரிய மேற்கு ஐரோப்பிய கிளப்புகள் ஜார்ஜிய லீக்குக்கு ஆள் தேடி வருவது அரிது. மாஸ்கோவும் கசானும் தேடி வந்தன, சம்பளமும் கொடுத்தன. பதினெட்டு வயதுப் பையன் அந்தக் கதவு வழியாகப் போனதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கசானில் அவர் நன்றாகவே ஆடினார். அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் ரஷ்ய லீக்கின் சிறந்த இளம் வீரர் என்று தேர்வானார். 2020-21-ல் ரூபின் நான்காம் இடம் பிடித்தது. தேசிய அணிக்கும் அதே காலத்தில்தான் தூண் ஆனார்: 2021 மார்ச்சில் ஸ்பெயினுக்கு எதிராக ஒரு கோல், நவம்பரில் பதூமியில் ஸ்வீடனை 2-0 என்று வீழ்த்திய ஆட்டத்தில் இரண்டு கோலும் அவருடையதே. அந்தத் தோல்விதான் ஸ்வீடனின் உலகக் கோப்பைக் கணக்கைக் குழப்பியது. இதையெல்லாம் பார்த்தவர்களுக்கு 2022-ல் ஆச்சரியமே இல்லை.

சரி, இப்போது உங்கள் அதிர்ஷ்டக் கேள்விக்கு வருகிறேன். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ரஷ்ய கிளப்புகளில் இருந்த வெளிநாட்டு வீரர்கள் தங்கள் ஒப்பந்தத்தை ஜூன் இறுதிவரை நிறுத்தி வைக்கலாம் என்று ஃபிஃபா அனுமதித்தது. பலர் ஐரோப்பாவில் கிடைத்த இடத்துக்குத் தாவினார்கள். சிலர் அங்கேயே தங்கினார்கள். க்வாரத்ஸ்கேலியா மார்ச் மாதம் ரூபினை விட்டு விலகி, ஜார்ஜியாவின் தினமோ பதூமியில் சேர்ந்தார். கருங்கடல் ஓரத்து ஊர். ரஷ்ய லீக்கோடு ஒப்பிட்டால் பல படி கீழே உள்ள லீக். 21 வயதில், பெரிய கிளப்புகள் கண் வைத்திருந்த நேரத்தில், சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் ஆடினார். 11 ஆட்டம், 8 கோல்.

அவர் வாழ்க்கையின் திருப்புமுனை எது என்று கேட்டால் பலரும் நாப்போலி என்பார்கள். நான் பதூமி என்பேன். அங்கே இருந்த சில மாதங்கள் அவருக்கு மூன்று விஷயங்களைக் கொடுத்தன: தொடர்ந்து ஆடும் வாய்ப்பு, சொந்த மக்களின் கைத்தட்டல், ரஷ்யாவோடு முடிச்சு அறுந்த ஒரு ஒப்பந்தம். கடைசியில் சொன்னதுதான் நாப்போலிக்கு வழி திறந்தது. ரூபினோடு பேரம் பேசியிருந்தால் கேட்கும் விலை பன்மடங்கு இருந்திருக்கும். நாப்போலி சுமார் 1 கோடி யூரோவுக்கு அவரை வாங்கிவிட்டது. நாப்போலிக்கு அது அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். க்விச்சாவுக்கு அது போர் நடுவில் எடுத்த முடிவின் பலன்.

அந்தக் கோடையில் நேப்பிள்ஸ் எப்படி இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாப்போலியின் நட்சத்திரங்களான இன்சிக்னே, மெர்ட்டன்ஸ், கூலிபாலி மூவரும் கிளம்பிவிட்டார்கள். ரசிகர்கள் கோபத்தில் இருந்தார்கள். இன்சிக்னே வருடக்கணக்காக ஆடிய இடது விங்கில், அதாவது தாக்குதலின் இடது ஓரத்தில், யாருக்கும் வாயில் நுழையாத பெயரோடு, 77-ஆம் எண் சட்டையில் ஒருவர் வந்து நிற்கிறார். ஆகஸ்ட் 15, வெரோனாவில் முதல் ஆட்டம். 5-2 வெற்றி. அவர் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார், இன்னொன்றுக்குப் பந்து கொடுத்தார். அடுத்த வாரம் மோன்சாவுக்கு எதிராக இரண்டு கோல். அந்த மாதத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. செப்டம்பரில் லிவர்பூலை 4-1 என்று நாப்போலி தோற்கடித்த இரவில் லிவர்பூல் தடுப்பாட்டக்காரர் டிரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்டை அவர் படுத்திய பாட்டைப் பார்த்தபிறகுதான் இங்கிலாந்துக்காரர்கள் அவர் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

அவர் ஆட்டத்தில் என்ன விசேஷம்? வலது கால் ஆட்டக்காரர், ஆனால் இடது பக்கம் ஆடுபவர். அப்படிப்பட்டவர்கள் வழக்கமாக உள்ளே வெட்டி வந்து வலது காலால் அடிப்பார்கள், தடுப்பாட்டக்காரர் அந்தப் பக்கத்தை அடைத்தால் போதும். க்விச்சாவிடம் அது செல்லாது. இடது காலாலும் அதே தெளிவோடு பந்தைக் கொடுப்பார், கோலும் அடிப்பார். எனவே எந்தப் பக்கம் அடைப்பது என்று எதிரிக்குப் புரியாது. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, தோளை ஆட்டி, பந்தைத் தொடாமலேயே ஆளை நகர்த்திவிட்டு அப்புறம் பந்தை நகர்த்துவார். காலுறை கணுக்கால்வரை இறங்கிக் கிடக்கும். அந்தக் கோலத்தில் அவர் ஓடி வருவதைப் பார்த்தால் பழைய காலத்து விங்கர்கள் ஞாபகம் வரும்.

2023 மார்ச்சில் அட்டலாண்டாவுக்கு எதிராக அடித்த கோல் ஒன்று இருக்கிறது. பெனால்டி பெட்டிக்குள் ஆட்கள் சூழ்ந்து நிற்க, நின்று, திரும்பி, மறுபடி திரும்பி, எல்லாரையும் தாண்டி மேல்வலைக்கு அடித்தார். அந்த ஒரு கோலுக்காகவே அந்தப் பருவத்தை நான் மறக்க மாட்டேன். மே 4-ல் உதினேவில் 1-1 என்று முடிந்த ஆட்டத்தோடு நாப்போலி லீக்கை வென்றது. மரடோனா காலத்துக்குப் பிறகு, 33 வருடம் கழித்து. 26 கோல் அடித்த ஒசிமென் முன்னால், 12 கோல் அடித்த க்விச்சா பக்கவாட்டில், வெளியே பயிற்சியாளர் ஸ்பலெட்டி. லீக்கின் சிறந்த வீரர் விருது க்விச்சாவுக்குப் போனது. ‘க்வாரடோனா’ என்று ஊரே கூப்பிட்டது. அந்த ஊரில் அந்தப் பெயரோடு ஒப்பிட்டு ஒருவரைக் கூப்பிடுவது சின்ன விஷயமில்லை.

எல்லாம் ஏறுமுகமாகவே இருக்கவில்லை. அதே வருடம் ஏப்ரலில், ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் காலிறுதியில் மிலானுக்கு எதிராக அவர் அடித்த பெனால்டியைக் கோல்கீப்பர் மெய்ன்யான் தடுத்தார், நாப்போலி வெளியேறியது. அடுத்த பருவம் மூன்று பயிற்சியாளர்கள், பத்தாம் இடம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 2025 ஜனவரியில் அவர் வெளியேறக் கேட்டபோது பயிற்சியாளர் கோன்டே வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். நேப்பிள்ஸ் ரசிகர்களும் மனம் நொந்தார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும் பருவத்தின் நடுவில் சுமார் 7 கோடி யூரோவைக் கிளப்புக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் போனார். நாப்போலி அந்த வருடமும் லீக்கை வென்றது.

அவர் போய்ச் சேர்ந்தது பாரிஸின் பிஎஸ்ஜி (பாரிஸ் செயின்ட்-ஜெர்மெய்ன்) கிளப்பில். அங்கே அவர் வேறு மாதிரி வீரர் ஆனார். இதைப் பலர் கவனிப்பதில்லை. பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கேயின் அணியில் விங்கர் என்பவர் முதல் தடுப்பாளரும்கூட. பந்து பறிபோன அடுத்த நொடியே துரத்த வேண்டும். நேப்பிள்ஸில் பந்துக்காகக் காத்திருந்தவர், பாரிஸில் தன் பெனால்டி பெட்டி வரை ஓடி வந்து பந்தைப் பறித்தார். அது ஆறே மாதத்தில் நடந்தது. ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான காலிறுதியில் கோல், அர்செனலுக்கு எதிரான அரையிறுதியில் சக வீரர் டெம்பெலே கோல் அடிக்கக் கொடுத்த பந்து, மே 31 மியூனிக் இறுதியில் இன்டருக்கு எதிராக நான்காவது கோல். 5-0. பிஎஸ்ஜியின் முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை.

அவருக்கு முன்பு அந்தக் கோப்பையை வென்ற ஜார்ஜியர் காக்கா கலாட்சே. மிலானோடு 2003-லும் 2007-லும். கலாட்சே வெளிநாட்டில் ஆடிய காலம் கொடுமையானது. 2001-ல் அவர் தம்பியை ஜார்ஜியாவில் கடத்தினார்கள், பல வருடம் கழித்து உடல்தான் கிடைத்தது. அவர் இன்று திபிலிசி மேயர், ஆளுங்கட்சியின் முக்கியப் புள்ளி. க்விச்சாவோ 2024 இறுதியில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை அரசு தள்ளிப்போட்டதை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கி அடிவாங்கியபோது, வன்முறையை நிறுத்துங்கள், ஜார்ஜியா ஐரோப்பாவைச் சேர வேண்டிய நாடு என்ற பொருளில் வெளிப்படையாக எழுதினார். அவர் வயதில், அவர் இருக்கும் உயரத்தில், வாய்மூடி இருப்பது எளிது. அவர் இருக்கவில்லை. எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது அன்றைக்குத்தான்.

தேசிய அணியைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 2024 மார்ச் 26, திபிலிசி, ஐரோப்பிய நாடுகளின் யூரோ போட்டிக்கு, கிரீஸுக்கு எதிரான தகுதி ஆட்டம். கோலே விழவில்லை. பெனால்டியில் க்வெக்வெஸ்கிரி அடித்த கடைசிப் பந்து ஜார்ஜியாவை முதல்முறையாக ஒரு பெரிய போட்டிக்குள் கொண்டுபோனது. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். மருத்துவம் படிக்கப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த நகரத்தில் இருக்கிறார்கள். என் அக்கா மகனும் ஒருவன். அன்று இரவு விடியும்வரை காரின் ஹாரன் சத்தம் ஓயவில்லை, முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்தார்கள் என்று போனில் சொன்னான்.

அப்புறம் அந்த யூரோ போட்டி. ஜூன் 26, கெல்சென்கிர்ஷென், போர்ச்சுகலுக்கு எதிராக. இரண்டாவது நிமிடம் முடியும் முன்பே சக வீரர் மிகாவுட்டாட்சே தள்ளிக்கொடுத்த பந்தை ஓட்டிப் போய் இடது காலால் அடித்தார் க்விச்சா. எதிரணித் தலைவர் ரொனால்டோ. சிறுவனாக இருந்தபோது திபிலிசிக்கு வந்த ரொனால்டோவோடு எடுத்த படம் அவரிடம் உண்டு. 2-0 வெற்றி, அடுத்த சுற்று. அங்கே ஸ்பெயினிடம் தோற்றார்கள், அதுவும் முதலில் முன்னிலை பெற்ற பிறகு. 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. ஸ்பெயினும் துருக்கியும் இருந்த பிரிவு, கஷ்டம்தான்.

நீங்கள் இப்போதுதான் அவரைப் பார்க்க ஆரம்பிக்கிறீர்கள் என்றால், கோல் தொகுப்புக் காணொளிகளை விட்டுவிட்டு மூன்று ஆட்டங்களை முழுதாகப் பாருங்கள்: 2021-ல் பதூமியில் ஸ்வீடனுக்கு எதிரானது, 2022-ல் லிவர்பூலுக்கு எதிரானது, 2025 மியூனிக் இறுதி. முதல் இரண்டில் பந்து அவர் காலில் இருக்கும்போது பாருங்கள். மூன்றாவதில் பந்து அவரிடம் இல்லாதபோது அவர் எங்கே ஓடுகிறார் என்று பாருங்கள்.