பூசணிக் காம்புகிட்ட கொடி வெடிக்குதா? கணு வேரை வெட்டி விடுங்க

காய்க்கு ரெண்டு பக்கமும் ரெண்டு, மூணு அடி தூரத்துக்கு கொடி மண்ணுல விட்டிருக்கிற கணு வேரை மட்டும் வெட்டி விடுங்க, அதுதான் முதல் வேலை. தெஹிவளையில வளர்க்கிற அட்லாண்டிக் ஜயண்ட்ங்கிற ராட்சத பூசணிக்கு காம்பு சேர்ற இடத்தில கொடி வெடிக்குது, மருந்து அடிக்கவானு கேட்டிருந்தீங்க. இப்ப மருந்து வேணாம்.

இது அநேகமா இழுவைதான். இந்த வகை கணுவுக்கு கணு வேர் விடும், காய் பருத்து மேல வர வர கொடியும் கூடவே எழும்பணும், வேர் கீழ பிடிச்சு வச்சிருந்தா அந்த இழுவை முழுக்க காம்புலதான் விழும். காய் வேகமா பருக்கிற நேரத்தில ஒரே நாள்ல பத்து கிலோவுக்கு மேலயும் ஏறும், அதனால நாளைக்குனு தள்ளிப் போடாதீங்க.

காம்புக்குப் பக்கத்தில கொடிக்கு கீழ விரலை விட்டு தூக்கிப் பாருங்க. கம்பி மாதிரி விறைப்பா நின்னா இழுவைதான். வேரை வெட்டினதும் கொடியை காயில இருந்து கொஞ்சம் விலக்கி வைங்க, ஒரேயடியா இல்ல, தினமும் ஒரு அங்குலம், அதுவும் பின்னேரம் செய்யுங்க. காலைல தண்ணி ஏறி இருக்கும், டக்குனு முறிஞ்சிடும்.

அடிவேர்ல மட்டும் கை வைக்காதீங்க, தூரத்துக் கணுக்களுக்கு மண் போட்டு மூடினா போன வேருக்கு ஈடாகும்.

வெடிப்புல மண் படவே கூடாது, காத்து படணும். தேன் நிறத்தில பிசின் கசிஞ்சு ஓரம் அழுக ஆரம்பிச்சா அது இழுவை இல்ல, பங்கசு நோய், நம்ம கொழும்பு மழை ஈரத்தில கெதியா பரவும். அப்படினா கிட்டத்தில ஒரு போட்டோ போடுங்க.